பெட்டி எழும்பவில்லை

மார்ச் 4

சின்னவன் பெண்டாட்டிக்கு,

போன வருஷம் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் இவர்கள்தான். கட்டிலில் என் சின்னவன். அவன் தலைமாட்டில் நான். கால்மாட்டில் மூத்த மருமகள், யாரோ பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள் போலக் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. கண்ணாடி போட்ட நர்ஸம்மா, அவள் செருப்பு நடந்தால் கீச்சுக்கீச்சென்று கத்தும். டாக்டர் இரண்டு முறை வந்தார், இரண்டு முறையும் சுவரிடம் பேசிவிட்டுப் போனார். பெரியவன் உள்ளேயும் வெளியேயும் நடந்துகொண்டிருந்தான். உன் மகள் வாயாடியைத் தையல்காரி வீட்டில் விட்டிருந்தோம். நீ கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் கம்ப்யூட்டரை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாய்.

ஒரு சேலையை விரித்தால் கதவிலிருந்து கட்டிலுக்கு எட்டிவிடும். அவ்வளவு தூரம்தான். நர்ஸம்மா வெளியே தலையை நீட்டி, "உங்களைக் கேக்கிறார்மா" என்றாள். நீ என்ன சொன்னாய் என்று எனக்குக் கேட்டது. "ஒரு நிமிஷம் சிஸ்டர்." அந்த ஒரு நிமிஷம் முடிவதற்குள் என் பிள்ளை முடிந்துவிட்டான்.

நீ போன் அடிக்கிறாய், நான் வைத்துவிடுகிறேன். உன் குரலைக் கேட்க எனக்கு இஷ்டம் இல்லை. அவர் கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டு வாயாடியிடம் சொல்லி அனுப்பினாயாம். குழந்தை போனில் மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒப்பித்தாள். ஆமாம், அவன் என் காதோரம் மெல்லப் பேசினான். கேட்டது நான் ஒருத்திதான். யாருக்கும் சொல்லவில்லை, உனக்கும் சொல்லமாட்டேன் என்றுதான் இருந்தேன்.

இப்போது ஒரு பேச்சு. அன்றைக்கு ஏன் உள்ளே வரவில்லை என்று நீ எழுது. என் பிள்ளையைவிட அந்தப் பெட்டியில் என்ன இருந்தது என்று எழுது. அப்புறம் நான் சொல்கிறேன். போனில் வேண்டாம். வாயால் சொன்னதை அப்படிச் சொல்லவேயில்லை என்று சாதித்துவிடலாம். எழுதினால் கையில் இருக்கும்.

எழுத்து கோணலாக இருக்கும். நான் படித்தது அவ்வளவுதான். புரியாவிட்டால் வாயாடியை விட்டுப் படிக்கச் சொல்.

சின்னவன் அம்மா

மார்ச் 13

அத்தைக்கு,

உங்கள் கடிதம் வந்தது. புரிந்தது. எழுத்து கோணல் இல்லை.

நான் செய்யும் வேலை என்ன என்று உங்களுக்கு யாருமே சொன்னதில்லை. தட்டுகிற வேலை என்றுதான் வீட்டில் பெயர். முதலில் அதைச் சொல்லாமல் அன்றைக்கு நடந்ததைச் சொல்ல முடியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பூட்டிய அறை. உள்ளே அலமாரி அலமாரியாகப் பெட்டிகள். சர்வர் என்பார்கள். பஸ் டிக்கெட், கடை பில் எல்லாம் அந்தப் பெட்டிகள் ஓடினால்தான் ஓடும். அறை ஓர் இடத்தில் இருக்கும், பார்த்துக்கொள்கிற நான் வேறு இடத்தில் இருப்பேன். ஒவ்வொரு பெரிய பெட்டிக்குள்ளும் ஒரு குட்டிப் பெட்டி உண்டு. பெரியது அணைந்து கிடந்தாலும் குட்டி விழித்திருக்கும். அதற்குத் தனியாக ஒரு கம்பி, அந்தக் கம்பிக்கு ஓர் எண். எண்ணைப் போட்டு ஒரு வரி தட்டினால் குட்டி பதில் சொல்லும். அணை என்றால் பெரியதை அணைக்கும். எழும்பு என்றால் எழுப்பும். எவ்வளவு சூடு, விசிறி சுற்றுகிறதா என்று கேட்டால் சொல்லும். படம் கிடையாது, கறுப்புத் திரையில் வெறும் எழுத்து. நான் பார்த்துக்கொண்ட எந்தப் பெட்டியையும் கண்ணால் பார்த்ததில்லை.

அந்த வேலை போனபிறகு இந்த ஊரில் இதே வேலைதான் கிடைத்தது. குடியிருப்பது ஒரே அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டுக் குழாய். இப்போது நான் பார்க்கிற பெட்டிகள் கடலுக்கு அப்பால் இருக்கின்றன. வாயாடி பள்ளிக்குப் போனபிறகு அவள் திரும்பும்வரை எனக்குப் பதில் சொல்வது அவைதான். ஒன்று சொல்கிறேன், சிரிப்பீர்கள். பெட்டியின் முன்பக்கம் ஒரு நீல விளக்கு உண்டு. அறைக்குள் இருப்பவர் எந்தப் பெட்டி என்று தேடக்கூடாது என்பதற்காக இங்கிருந்தே அதை எரியவைக்கலாம். சில மத்தியானங்களில், அறையில் யாரும் இல்லை என்று தெரிந்தே, ஒன்றை எரியவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அன்றைக்கு நடந்ததை எழுத ஆரம்பித்தேன். கை வரவில்லை. அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருமகள்

மார்ச் 20

சின்னவன் பெண்டாட்டிக்கு,

விளக்குக் கதை கேட்கவா நான் தபால் பெட்டி வரைக்கும் நடந்தேன்? நான் கேட்டது ஒன்று, நீ எழுதியது ஒன்பது. அவனிடமும் இப்படித்தான். உப்பு எங்கே என்று கேட்டால் உப்பு ஏன் தீர்ந்தது என்று ஆரம்பிப்பாய்.

நீ வேலை வேலை என்கிறாய். அந்த வேலையை உனக்கு வாங்கிக் கொடுத்தது யார்? பெரியவன். அவன் அந்த அறையில் பெட்டி தூக்கி, கம்பி செருகி முதுகு ஒடிகிறான், நீ வீட்டில் உட்கார்ந்து தட்டினாய். அவன் லீவு போட்டுவிட்டுத் தம்பி பக்கத்தில் நிற்கவில்லையா? அவனால் முடிந்தது உன்னால் ஏன் முடியவில்லை?

நான் பெரியவன் வீட்டில்தான் இருக்கிறேன். சாப்பாட்டுக்குக் குறை இல்லை. மாடி அறை. காலையில் எல்லாரும் வெளியே போய்விட்டால் வீடு கிணறு மாதிரி. நான் பேசுகிற குரல் எனக்கே திரும்பி வரும். உனக்காவது பெட்டி பதில் சொல்கிறது.

நீ எழுதவில்லையென்றால் விடு. அவன் சொன்னது என்னோடு போகட்டும்.

சின்னவன் அம்மா

மார்ச் 29

அத்தைக்கு,

எழுதிவிடுகிறேன்.

எனக்கு லீவு மிச்சம் இல்லை. அவர் படுத்த முதல் வாரத்திலேயே தீர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தே வேலை பார்க்கிறேன் என்று மேலாளரிடம் கெஞ்சி வாங்கியிருந்தேன். டாக்டரும் அன்று காலை, "இனி பயமில்லை" என்றுதான் சொன்னார்.

அந்தப் பெட்டி அறையில் இரண்டு பெட்டிகளைச் சொன்னால் போதும். ஒன்று டிக்கெட் பெட்டி. ஊரெல்லாம் பஸ் டிக்கெட் கொடுப்பது அதுதான். இன்னொன்று பழைய பெட்டி, யாருக்கும் அவசரமாக வேண்டாதது. அந்தப் பழைய பெட்டிதான் அன்றைக்கு, குட்டி வழியாக இல்லாமல் தானே நேராக, சூடு ஏறுகிறது என்று செய்தி அனுப்பியது. அதை அணைத்தால் போதும். ஒரு வரி. தட்டிவிட்டு உள்ளே வந்துவிடலாம். அப்போதுதான் நர்ஸம்மா கூப்பிட்டாள். ஒரு நிமிஷம் என்றேன். உண்மையிலேயே ஒரு நிமிஷ வேலைதான் அத்தை.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பெட்டியையும் அணைப்பதற்கு முன்னால், அந்த எண்ணிடம் எவ்வளவு சூடாக இருக்கிறாய் என்று கேட்கவேண்டும். பதில் பொருந்தினால்தான் அணைக்கலாம். நான் ஒருநாளும் தவறவிட்டதில்லை. அன்றைக்குக் கேட்கவில்லை. அவர் கூப்பிடுகிறாரே என்ற அவசரம். பழைய பெட்டியின் எண் எனக்கு மனப்பாடம். போட்டேன், அணை என்றேன்.

அணைந்தது டிக்கெட் பெட்டி.

போன் மேல் போன். பஸ் நிலையத்தில் கூட்டம் கத்துகிற சத்தம் போனுக்குள்ளிருந்து கேட்டது. டிக்கெட் பெட்டியின் எண்ணைப் போட்டு எழும்பு என்றேன். ஏற்கெனவே எழும்பித்தான் இருக்கிறேன் என்று பதில் வந்தது. ஆனால் டிக்கெட் ஓடவில்லை. திரும்பத் தட்டினேன். அதே பதில். அணைந்த பெட்டி எழும்பியிருக்கிறேன் என்று பொய் சொல்லுமா? பைத்தியம் பிடித்ததுபோல் ஆகிவிட்டது. உங்கள் பெரிய பிள்ளை, மாமா, என் பக்கத்தில்தான் நின்றார். "மாமா, அங்க ஏதாவது மாத்தினீங்களா?" என்று கேட்டேன். "ஒண்ணும் மாத்தலம்மா, நீ சரியாப் பாத்துத் தட்டு" என்றார். பார்த்துத் தட்டினேன். இன்னொரு முறை கேட்டேன். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார்.

அப்போது நீங்கள் உள்ளே கத்தினீர்கள். நான் எழுந்த வேகத்தில் கம்ப்யூட்டர் மடியிலிருந்து விழுந்து உடைந்தது. நான் தட்டிய வரிகள் அதோடு போயின.

அன்று சாயங்காலம் காவலாளி உள்ளே போய் டிக்கெட் பெட்டியின் பொத்தானைக் கையால் அழுத்த, எழும்பிவிட்டதாம். மறுநாள் சாயங்காலம் மேலாளர் அறையைச் சோதித்தார். எல்லா எண்ணும் அதனதன் பெட்டியில் சரியாக இருந்தது. அப்படியென்றால் நான்தான் எண்ணை மாற்றித் தட்டியிருக்கிறேன். சரியாகத் தட்டினேன் என்று சத்தியம் செய்ய வாய் வந்தது. அன்றைக்கு இருந்த நிலைமையில் என் விரலை நானே நம்பவில்லை. வேலையைவிட்டு அனுப்பினார்கள். நானும் போய்விட்டேன்.

என் விரல் பிசகாமல் இருந்திருந்தால் அவர் கையைப் பிடித்திருப்பேன். அவ்வளவுதான் அத்தை. இனி நீங்கள் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம்.

மருமகள்

ஏப்ரல் 7

மருமகளுக்கு,

இரண்டு முறை படித்தேன். பிறகு வெளியே போய்க் குழாயடியில் நின்றுவிட்டு வந்து மூன்றாவது முறை படித்தேன்.

நான் மறப்பவள் இல்லை என்று உனக்குத் தெரியும். என் கல்யாணத்தில் யார் யார் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்தார்கள் என்று வரிசையாகச் சொல்வேன். இதையும் கேள்.

சின்னவன் ஆஸ்பத்திரியில் படுப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு. பெரியவன், அவன் பெண்டாட்டி, நான். நீங்கள் இருவரும் வரவில்லை, வாயாடிக்குச் சளி. பெரியவன் இரண்டாவது முறை சோறு வாங்கிக்கொண்டே சொன்னான்: "ரெண்டு பெட்டிய இடம் மாத்தி வைக்கச் சொன்னாங்கம்மா. வச்சா குட்டிக் கம்பி எட்டல. புதுக் கம்பிக்கு எவன் எழுதிக் குடுத்துக் காத்துக்கிட்டு இருப்பான்? இதுல இருந்தத அதுல செருகி, அதுல இருந்தத இதுல செருகிட்டேன். ஒரு பயலும் கண்டுபிடிக்கல!" சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்கு ஒன்றும் புரியவில்லை, பிள்ளை சிரிக்கிறானே என்று நானும் சிரித்தேன்.

இன்னொன்று. சின்னவனை மண்ணில் வைத்துவிட்டு வந்த மத்தியானம். வீடு நிறைய ஆள். நீ சுவரோரம், வாயாடி உன் மடியில் தூங்கினாள். பெரியவன் தண்ணீர் கேன் வாங்கி வருகிறேன் என்று சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு போனான். வந்தான், கேன் இல்லை. முழங்காலில் தூசி. "கேன் எங்க?" என்றாள் அவன் பெண்டாட்டி. "மெஷின் ரூம்ல சின்ன வேலை இருந்துச்சு" என்றான். தம்பியைப் புதைத்த ஈரம் காயவில்லை, அதற்குள் வேலையா என்று ஒரு வாரம் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை நான். பிறகு பாவம் என்று விட்டேன்.

எனக்கு ஒன்று மட்டும் தெரியவேண்டும். ஒரு பெட்டியின் கம்பியை இன்னொரு பெட்டியில் செருகினால் எண்ணும் கூடவே போகுமா? ஆமாம், இல்லை என்று எழுது. கதை வேண்டாம்.

அத்தை

ஏப்ரல் 16

அத்தைக்கு,

ஆமாம். எண் கம்பியோடுதான் போகும்.

உங்கள் கடிதத்தை மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு, அன்றைக்குத் தட்டியதைத் தாளில் வரி வரியாக எழுதிப் பார்த்தேன். பழைய பெட்டியின் எண்ணைத்தான் தட்டியிருக்கிறேன். அது டிக்கெட் பெட்டிக்குப் போயிருக்கிறது. டிக்கெட் பெட்டியை எழுப்பச் சொன்னது, எழும்பியே இருந்த பழைய பெட்டிக்குப் போயிருக்கிறது. அவரை மண்ணில் வைத்த மத்தியானம் மாமா புதுக் கம்பியோடு போய் எல்லாவற்றையும் பழையபடி செருகியிருக்கிறார், அதனால்தான் சாயங்காலச் சோதனையில் எண்கள் சரியாக இருந்தன. எந்தப் பெட்டியும் பொய் சொல்லவில்லை. ஒரு வருஷமாக என் வலது கையைத் திட்டிக்கொண்டிருக்கிறேன் அத்தை. சோறு பிசையும்போதுகூட.

வாயாடி வந்து, "யாரோட சண்ட போட்டம்மா?" என்றாள். யாரோடும் இல்லை என்றேன். "அப்ப ஏன் அழுவுற? ஜெயிச்சிட்டியா?" என்றாள்.

மாமா அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எண்ணை மாற்றிப் போட்டு எழுப்பிவிட்டு எழுந்து வந்திருப்பேன். கேட்டேனே. இரண்டு முறை கேட்டேனே.

ஆனால் அவரிடம் நீங்கள் எதுவும் கேட்கவேண்டாம். உங்களுக்கு இருப்பது அவர் ஒருவர்தான். அவர் வீட்டுக் கூரைக்குக் கீழே இருக்கிறீர்கள். முடியாது என்றால் இங்கே வந்துவிடுங்கள். அறை சின்னது, மூன்று பேர் படுக்கலாம். வாயாடிக்குப் பேச ஆள் இல்லை, உங்களுக்கும் இல்லை.

எனக்கு வேண்டியது அவர் சொன்ன வார்த்தை மட்டும்.

மருமகள்

ஏப்ரல் 27

அம்மாடி,

கேட்காதே என்றாய். கேட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவன் டீ குடித்துக்கொண்டிருந்தான். மூத்தவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே போய் உட்கார்ந்தேன்.

"கம்பி மாத்தினது நீதானே?"

"எந்தக் கம்பிம்மா?"

"எட்டாத கம்பி."

டம்ளரைக் கீழே வைத்தான். "யாரு சொன்னா? அவ எழுதினாளா?"

"நீதான்டா சொன்ன. சோத்துல கைய வச்சுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே."

மூத்தவள் மடிப்பதை நிறுத்திவிட்டாள். "அத்தை, முடிஞ்சு போன பழசு. எதுக்கு இப்ப கிளறுறீங்க?"

"பழசுதான்டி எங்கிட்ட இருக்கு. புதுசா நீங்க யாரு எனக்கு என்ன தந்தீங்க?"

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. டாக்டர் மாதிரியே சுவரைப் பார்த்தான். "அவ கெட்டிக்காரிம்மா. பத்து நிமிஷத்துல கண்டுபிடிச்சிருவான்னு நெனச்சேன். அவ போன்ல மேலாளர் இருந்தான். நான் வாயத் திறந்தா அந்த எடத்துலயே எனக்கு வேலை போயிருக்கும். இத்தன வருஷ சர்வீஸ். பசங்க படிப்பு."

"அவளுக்குப் போச்சேடா."

"அவ சின்னப் பொண்ணு. வேற வேலை கெடச்சிரும்னு..."

"நான் வேலையச் சொல்லலடா."

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. அழுதான். வயசான ஆம்பளை அழுகிறதைப் பார்க்க நன்றாக இல்லை. அவன் காலடியில் டீ ஆடை கட்டிக்கொண்டிருந்தது. முன்னே என்றால் தலையைத் தடவியிருப்பேன். எழுந்து மாடிக்குப் போய்விட்டேன்.

இனி நீ கேட்டது. பேச்சு பேச்சுதான்.

சின்னவன் கண்ணைத் திறந்து, "அவ எங்கம்மா?" என்றான். எனக்கு உன்மேல் ஆத்திரம். "வெளிய தட்டிக்கிட்டு இருக்கா, மகாராணி" என்றேன். அவன் சிரித்தான். நெஞ்சு வலியோடு சிரித்தான். "திட்டாதம்மா. பெட்டி எழும்பலபோல. அது எழும்பலன்னா அவளுக்குச் சோறு எறங்காது" என்றான். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "எழும்பினதும் வரச் சொல்லு. அவசரம் இல்ல. நான் எங்க போகப்போறேன்" என்றான்.

இவ்வளவுதான். அதற்கப்புறம் மூச்சு மட்டும்தான் இருந்தது, பேச்சு இல்லை. இதை உன்னிடம் சொன்னால் நீ நிம்மதியாகிவிடுவாய் என்றுதான் சொல்லாமல் வைத்திருந்தேன். எனக்கு மன்னிப்புக் கேட்க வராது. அந்த வார்த்தையை எப்படி எழுதுவது என்று தெரியும், எழுத மாட்டேன். இந்த வரியை நீ எப்படி வேண்டுமானாலும் படித்துக்கொள்.

வந்துவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். வரமாட்டேன். உன் அறை சின்னது என்பதால் இல்லை. நான் கிளம்பிவிட்டால் அவனுக்கு நிம்மதி. நான் இங்கேயே இருப்பேன். தினமும் காலையில் அந்த அறைக்குப் போக அவன் மாடிப்படி அடியில் என்னைக் கடந்துதான் செருப்பு மாட்டவேண்டும். மாட்டட்டும். மூத்தவள் தட்டு கொண்டுவந்து வைக்கிறாள், சாப்பிடுகிறேன். அவனிடம் பேச்சு இல்லை. வீடு முன்னைவிட அமைதி. சில நாள் என் மூச்சுச் சத்தம் எனக்குப் பெரிதாகக் கேட்கிறது. நான் தேடிக்கொண்டது, இருந்துகொள்கிறேன்.

நீ உன் பழைய மேலாளருக்கு எழுதுகிறாயோ இல்லையோ, அது உன் பாடு. எழுதினால் நான் சாட்சி. கோணல் எழுத்தில் கையெழுத்துப் போடுவேன். வாயாடியை ஞாயிற்றுக்கிழமை போனில் பேசவை. அவள் பேசி முடித்தபிறகு நீயும் பேசு, வைக்கமாட்டேன்.

சுவரிடம் பேசின டாக்டரை மன்னித்தேன், அவரும் எத்தனை வீட்டுக்குத்தான் முகம் கொடுப்பார். செருப்புக் கத்தின நர்ஸம்மாவை மன்னித்தேன், அவள் கூப்பிட்டாள், அது போதும். கைப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தவளை மன்னித்தேன், அவளுக்குத் தெரியாது. உன்மேல் மன்னிக்க ஒன்றும் இல்லை. பெட்டிகள்மேலும் இல்லை. ஒருத்தனை மட்டும் மன்னிக்கமாட்டேன். எனக்கு முதலில் பிறந்து, என்னை முதன்முதலில் அம்மா என்று கூப்பிட்டவன். பெரியவன்.